சோதனைப் பதிவு

“யாரோ விஷமம் பண்றாங்கன்னுல்ல நினைச்சேன் தம்பி! வர்றதெல்லாம் வெறும் கேள்விக்குறியா இருந்தா வேற என்னத்த நினைக்கிறது? வர வர அழிச்சுத் தள்ளிட்டேன்.”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார் குழந்தைகள் காப்பகத்தின் தலைவி. தத்தெடுக்க விரும்புகிறவர்கள் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம் என்று படிவம் போட்டதிலிருந்து ஒரு விண்ணப்பமும் உருப்படியாக வந்து சேரவில்லை. மாடியில் பிள்ளைகள் அவர்கள் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தார்கள். வாசல் மணி அடித்தால் போதும், ‘வாலு’ என்று எல்லோரும் கூப்பிடும் குட்டி, தலையைச் சீவிக்கொண்டு படியிறங்கி வந்து நிற்பாள். ஒவ்வொரு தடவையும் தலைவிதான் அவளை மறுபடி மாடிக்கு அனுப்பிவைப்பார்.

நல்லவேளை, முன்பின் தெரியாத இந்தக் கம்ப்யூட்டர்காரன் தானாகவே போன் செய்து, “உங்க படிவத்துல எழுத்து உடையுதுன்னு தோணுது, வந்து சரி பண்ணித் தரட்டுமா?” என்று கேட்டான். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பிள்ளை!

“கோளாறு எங்க இருக்கு?”

“படிவம் யூனிகோட்ல, அதான் எல்லா மொழி எழுத்தும் அடங்கின முறையில, ஒழுங்காத்தான் அனுப்புதும்மா. வாங்கி வைக்கிற டேட்டாபேஸ் பழைய ஆளு. அதுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. தெரியாததுக்கெல்லாம் கேள்விக்குறி போட்டு வச்சிடுது.”

“அழிச்சதை எல்லாம் மீட்க முடியாதா?”

“முடியாதும்மா. அழிக்காம வச்சிருந்தாலும் படிக்க முடியாது” என்றான், தலையைக் குனிந்தபடி.

டேட்டாபேஸில் எதையோ மாற்றினான். தன் போனிலிருந்து படிவத்தை நிரப்பி அனுப்பினான். தலைவியின் திரையில் மறுபடியும் கேள்விக்குறிகள்.

“ஓ, நடுவுல இருக்கிற இணைப்புக்கும் யூனிகோட்னு சொல்லணும். மறந்துட்டேன்.”

அதையும் மாற்றி, முதலிலிருந்து நிரப்பி அனுப்பினான். இந்த முறை முத்து முத்தாகத் தமிழ் வந்து விழுந்தது. தலைவி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

“குழந்தை ஏன் வேண்டும்? ‘எங்கள் வீட்டுச் சுவர்களில் ஒரு கிறுக்கல்கூட இல்லை. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.’”

சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கிவிட்டது.

“ஏன் தம்பி, சோதிச்சுப் பார்க்க அ, ஆன்னு அடிச்சா போதாதா? கதையே எழுதறியே!”

“முழுசா அடிச்சாத்தாம்மா முழுசாப் போய்ச் சேருதான்னு தெரியும்.”

“நல்லா இரு ராசா. சரி, வேலை முடிஞ்சுது, இந்தச் சோதனைப் பதிவை அழிச்சிடட்டுமா?” தலைவியின் கை மௌஸுக்குப் போனது.

அவன் பதறிக்கொண்டு எழுந்தான்.

“வேண்டாம்மா! நாங்க அனுப்பினதை ஏற்கெனவே ரெண்டு தடவை அழிச்சிட்டீங்க. இந்தத் தடவையாவது போய்ச் சேர்ந்துதான்னு கேட்க என் மனைவி வாசல்லயே நின்னுட்டிருக்கா.”