றிப்னாவுக்கு வட்டிலப்பம்

“றிப்னாவ வெளிய அனுப்புங்க. கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கேன்.”

புஹாரி கேட்டை உலுக்கிய உலுக்கில், உள்ளே பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஷியாமளா எழுந்து நின்றுவிட்டாள்.

யட்டவத்தச் சந்திக்கு மேலே இருந்த அந்த வீட்டில் பெண்கள் மட்டும்தான். ஐந்து நேரம் தொழுகிறவளுக்கும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றுகிறவளுக்கும் ஒரே அடுப்பு. எது வந்தாலும் சரிபங்கு. கண்ணெதிரே இல்லாதவளுக்கும் ஒரு பங்கு மூடி வைத்துவிடுவார்கள். புருஷனிடம் அடிபட்டு வந்தவளுக்கு ஒரு ராத்திரி இடம் கொடுக்காத ஊர், இந்த வீட்டுக்கு ‘ஓடுகாலி மடம்’ என்று பெயர் வைக்க மட்டும் மறக்கவில்லை.

ஷியாமளா நேற்றுத்தான் வந்திருந்தாள். கன்னத்து வீக்கம் வடியவில்லை, வீட்டிலிருப்பவர்களின் பெயர்கூட இன்னும் பிடிபடவில்லை. அதற்குள் அப்பா இஞ்ஞாசி போனில் அழுதுவிட்டார். “மாப்பிள்ள திருந்திட்டாரு. நானே கொண்டுபோய் விடுறேன், வா புள்ள.” இப்போது கீழே பஸ் நிறுத்தத்தில் காத்துக்கொண்டிருந்தார். போவதா, இருப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மூத்தவளான ஜுனைதா போய் கேட்டைத் திறந்தாள். உள்ளே வந்ததும் புஹாரியின் அதட்டலெல்லாம் எங்கோ போய்விட்டது. மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தார்.

“வாப்பாவ மன்னிச்சுக்க மகள். நீ அவன்கிட்ட போக வேணாம். நம்ம வீட்டுக்கே வந்துடு.”

ஜன்னலில் யாருமில்லை. அந்தக் குரல் மட்டும் அறை அறையாகத் தேடிக்கொண்டு போனது.

“அவ தூங்குறா நானா. அடுத்த வெள்ளிக்கிழம வாங்க,” என்றாள் ஜுனைதா, சொல்லிப் பழகிய குரலில்.

“எழும்பினதும் இதக் குடுங்க. அவளுக்கு உசிரு.” இனிப்பு மணத்த வட்டிலப்பச் சட்டியைக் கொடுத்துவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி இறங்கிப் போனார்.

ஜுனைதா வட்டிலப்பத்தைத் துண்டு போட்டாள். நின்றவர்கள் ஆளுக்கொன்று எடுத்ததும் சட்டி காலி. மாடிக்கு எதுவும் போகவில்லை.

ஷியாமளாவுக்குப் பொறுக்கவில்லை. “பெத்த மனுஷன் இப்படிக் கெஞ்சுறாரு, எறங்கி வந்து ஒரு வார்த்த பேசினா என்னவாம்? எங்கப்பாவ நான் இப்படி அலைய விடமாட்டேன்.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

ஜுனைதா வாசலை மறித்து நின்றாள்.

“றிப்னா இந்த வீட்டுக்கு வந்து சேரவே இல்ல பிள்ள. வர்ற வழியில புடிச்சு, புருஷன்கிட்ட கொண்டுபோய் விட்டது அந்த வாப்பாதான்.”

“அப்புறம்?”

“உசிரோட இல்ல, மையத்தாத்தான் திரும்பி வந்தா.”