கரண்ட்டின் கைவேலை

“இது எலி வேலையே இல்லண்ணே. எலிக்கு ஏது கட்டிங் பிளேயர்? எவனோ வேணும்னே வெட்டியிருக்கான்!”

ஹெட்லைட்டைக் கழற்றிவிட்டு, கூட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார் மெக்கானிக். ஆறு வயர்கள் ஒரே வெட்டில் துண்டாகியிருந்தன. வெட்டுப்பட்ட செம்புக் கம்பிகள் புதுசாகப் பளபளத்தன.

“இதுல ஏற்கெனவே ஏகப்பட்ட ஒட்டு வேற. ஆளாளுக்கு ஒரு தினுசா சுத்தி வெச்சிருக்கானுங்க!”

“பழைய வண்டிதானே, பல கை பட்டிருக்கு” என்றார் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. ஸ்டூலைக் காட்டியும் உட்காராமல், மெக்கானிக்கின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“உங்களுக்கு வேண்டாதவங்க யாராவது இருக்காங்களாண்ணே?”

“இருக்கான், ஒரே ஒருத்தன். ஆளு யாருன்னுதான் தெரியல. போன வருஷம் என் தம்பி வண்டியில கைய வெச்சான். சுரங்கப்பாதைக்குள்ள போறப்போ ஹெட்லைட் பட்டுன்னு அணைஞ்சிடுச்சு. எதிர்ல லாரி. கல்யாணமாகி நாப்பதே நாள், அந்த இடத்துலயே போயிட்டான்.”

“அடப்பாவி!” மெக்கானிக் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டார். அந்தத் தெருவில் அவருக்குக் கரண்ட் என்றுதான் பெயர். வேலைக்காக வைத்த பெயர் பாதி, வாய்க்காக வைத்த பெயர் மீதி.

“அந்த நாயைச் சும்மா விடாதீங்கண்ணே! தேடிப் பிடிச்சு ரெண்டு கையையும் ஒடிச்சுப் போடுங்க. நானா இருந்தா உசிரோடவே விடமாட்டேன்.”

“விடப் போறதில்ல. பதினோரு மாசமா எனக்குத் தூக்கம் இல்ல. அவனை ஒரு வழி பண்ணினப்புறம்தான் தூங்குவேன்.”

“அப்படிச் சொல்லுங்க!” என்று உற்சாகமாக வேலையில் இறங்கினார் கரண்ட். வயர் முனைகளைப் பல்லாலேயே உரித்தார். நிறம் பார்த்து, ஜோடி சேர்த்து முறுக்கினார். அடுத்து டேப்பை எடுப்பார் என்று பார்த்தால், டிராயரைத் திறந்து ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ரா ஒன்றை எடுத்தார். சிவப்புக் கோடு போட்ட ஸ்ட்ரா. அதைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு ஒட்டின் மேலும் தொப்பி மாதிரி மாட்டினார். லைட்டரால் நுனியைச் சுட்டு, விரலால் நசுக்கினார்.

வந்தவர் ஓரடி கிட்டே வந்தார். “டேப் சுத்த மாட்டீங்களா?”

“டேப் வெயில்ல பிசுபிசுத்துப் போயிடும்ண்ணே. ஸ்ட்ரான்னா கச்சிதம். வேலையும் அஞ்சே நிமிஷம்.”

“லைட் சூட்டுல உருகாதா?”

“அட, ஒண்ணும் ஆகாதுண்ணே! எத்தனை வருஷமா பண்றேன், ஒருத்தன் திரும்பி வந்து குறை சொன்னதில்ல.”

“மத்த கடையிலயும் இப்படித்தான் பண்றாங்களா?”

“எவனுக்கு இந்த மூளை வரும்? இந்த வட்டாரத்துலயே நான் ஒருத்தன்தான்!” என்று மார்தட்டிக்கொண்டார் கரண்ட். ஹெட்லைட்டை மாட்டி, சாவியைத் திருப்பி, வண்டியை ஒரே உதையில் கிளப்பி, சுவிட்சைத் தட்டினார். ஹெட்லைட் பளிச்சென்று எரிந்தது.

வந்தவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாசலுக்குப் போய், கடையின் ஷட்டரைத் தரைவரை இழுத்து விட்டார்.

“என்னண்ணே, ஷட்டரை எதுக்கு…?”

“தம்பி வண்டி ஹெட்லைட்டுக்குள்ள இதே சிவப்புக் கோடு போட்ட ஸ்ட்ராதான் உருகிக் கிடந்துச்சு. வண்டியை எங்க கொடுத்து வேலை பார்த்தான்னு சொல்றதுக்கு அவன் இல்ல.”

கரண்ட் வண்டிக்குப் பின்னால் நகர்ந்தார். “அண்ணே… அப்போ இந்த வயரை வெட்டினது…?”

“நான்தான். இப்படி வெட்டி எடுத்துட்டு வந்ததுல இது பன்னெண்டாவது கடை.”