எந்தக் கழுதை ஏத்துச்சு?

மருந்துக் கிடங்கின் அலாரம் பேனல் செத்துக் கிடந்தது. டெக்னீஷியன் மூடியைக் கழற்றிப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

“வேற மாடலோட ஃபர்ம்வேரை, அதான் உள்ளே ஓடற புரோகிராமை, ஏத்தியிருக்காங்க சார். வெளிப்பெட்டி ஒரே மாதிரிதான் இருக்கும், உள்ளே போர்டு வேற. நம்பரைக்கூடப் பார்க்காம எந்தக் கழுதை ஏத்துச்சு?”

“உங்க ஆபீஸ்தான் ஆள் அனுப்புச்சு. தீப்பிடிச்சிருந்தா ஒரு மணிகூட அடிச்சிருக்காது,” என்றார் கிடங்கு முதலாளி. “வேலையை விட்டே தூக்கச் சொல்லப்போறேன்.”

“தாராளமா சொல்லுங்க! இதுங்களால எங்க எல்லாருக்கும் கெட்ட பேர்.”

“ஆனா ஏத்த வந்த பொண்ணு பாவம், அதுக்குச் சந்தேகம் வந்துச்சு,” என்றார் முதலாளி. “ நம்பர் ஒத்துவரலையேன்னு யாருக்கோ ஸ்பீக்கர்ல போன் போட்டுச்சு. அந்த ஆள்தான், ‘எல்லாம் ஒண்ணுதான், நச்சரிக்காம ஏத்து’ன்னு சொல்லிப் போனை வெச்சுட்டான்.”

டெக்னீஷியன் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் அப்படியே நின்றது. அவருடைய செல்போன் அடித்தது. மனைவி.

“என்னங்க, நேத்து நான் ஏத்தின பேனல் செத்துப்போச்சாம். யாரைக் கேட்டு ஏத்தினேன்னு மேனேஜர் குடையறார். நானாத்தான் ஏத்தினேன்னு சொல்லிட்டேன், உங்க பேரை இழுக்கல. நீங்களும் வாயைத் திறந்துடாதீங்க. ஒருத்தர் வேலையாவது மிஞ்சட்டும்.”

அவர் செல்போனைப் பையில் போட்டார். முதலாளி ஏற்கெனவே ஆபீஸ் நம்பரை அழுத்திக்கொண்டிருந்தார்.

“சார், அந்தப் போனை என்கிட்ட கொடுங்க,” என்றார் டெக்னீஷியன், தலையை நிமிர்த்தாமல். “கழுதை யாருன்னு நானே சொல்லிடறேன்.”