மொத்தமாக வாங்கிய ரசிகர்

தோமினிக்கின் ராக் குழுவைச் சேலத்தில் ஒருவரும் சீந்தவில்லை. குழுவின் சிறந்த பாட்டுகளைத் திரட்டிப் போட்ட கேசட்டும் கடையில் தூசி படிந்து கிடந்தது. கிடாரை விற்றுவிடலாம் என்றிருந்தபோதுதான், நாமக்கல் சென்னியப்பன் என்பவர் அத்தனை கேசட்டையும் மொத்தமாக வாங்கிப் போனதாகக் கடைக்காரர் சொன்னார்.

அந்த ரசிகரைப் பார்க்க பஸ் ஏறினான் தோமினிக். பண்ணைக்குள் நுழையும்போதே கோழிக் கொட்டகையிலிருந்து அவன் குரல் அலறியது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எல்லாக் கொட்டகையிலும் எங்க பாட்டுத்தானுங்களா?"

"ஆமாங்க சாமி. தெனமும் போட்டுடறேன்."

"கோழிக்குக்கூடப் பிடிச்சிருக்குங்களா?"

சென்னியப்பன் சிரித்தார்.

"தீபாவளி வருதுங்களே. வெடிச்சத்தத்துல மெரண்டுட்டா முட்டையே போடாதுங்க. இதைக் கேட்டுப் பழகுன கோழி, இடி உழுந்தாலும் அசையாதுங்க."