பரமேஸ்வரிக்குத் தெரிந்த ஒருத்தி

“எனக்கில்லை தர்மினி. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆளுக்கு” என்று பரமேஸ்வரி மூன்றாவது தடவையாகச் சொன்னாள். கிளினிக்கில் நிறை பார்க்கக் குழந்தைகளைக் கொண்டுவந்த தாய்மாரில் கடைசி ஆளும் போகுமட்டும் காத்திருந்துதான் கதையைத் தொடங்கியிருந்தாள்.

மிட்வைஃப் தர்மினி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அவளும் இதே ஊர், உயிலங்குளத்துப் பிள்ளைதான். சனம் மீளக் குடியேறிய இந்த இரண்டு வருசத்தில், ‘தெரிஞ்ச ஆளுக்கு’ என்று கேட்டு வந்த எவரும் வேறு ஆளுக்காகக் கேட்டதாக அவளுக்கு ஞாபகமில்லை.

“சரி மாமி, அந்த ஆளுக்கு என்ன செய்யுதாம்?”

பரமேஸ்வரி வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “கீழால என்னவோ இறங்கி நிக்குதாம். உருண்டையா, கைக்குத் தட்டுப்படுதாம். காலமையில பரவாயில்லையாம், பின்னேரமானால் நிண்டு ஒரு வேலை செய்யேலாதாம். தும்மினால் சலமும் போகுதாம். கான்சரோ எண்டு பயந்துபோய் இருக்கிறா. கோயிலுக்கும் வாறேல்லை, ஒரு கலியாண வீட்டுக்கும் போறேல்லை.”

“கேட்டால் கர்ப்பப்பை இறக்கம் மாதிரிக் கிடக்கு மாமி. அதைத் தாங்கிப் பிடிக்கிற தசையள் தளர்ந்தால் கீழ இறங்கும். கனபேருக்கு இருக்கு, வாய்விட்டுச் சொல்லுறேல்லை, அவ்வளவுதான். எத்தினை பிள்ளையள்?”

“ஒண்டே ஒண்டு. பிறக்கேக்க ஒன்பது றாத்தல் நிறை! ரெண்டு நாள் நோக்காடு.”

தர்மினி கொப்பிக்குள் குனிந்துகொண்டாள். பரமேஸ்வரிக்கு ஐந்து பிள்ளைகள் என்பது ஊருக்கே தெரியும். மறைப்பதற்கும் ஒரு அளவு இல்லையா?

“வீட்டில தண்ணி அள்ளுறது ஆர்?”

“அவதான். காலமை நாலு குடம், பின்னேரம் நாலு குடம். இடம்பெயர்ந்த நேரம் அரிசி மூட்டையைத் தலையில வைச்சுக்கொண்டு எத்தினை கட்டை தூரம் நடந்தவ தெரியுமோ?”

“ஏன், அந்த ஒரு பிள்ளை உதவி செய்யிறேல்லையோ?”

“அது உத்தியோகம். விடிய வெளிக்கிட்டால் பொழுதுபடத்தான் வரும். வந்தால் களைப்பு. பாவம்.”

பரமேஸ்வரியின் மூத்தவள் டிலக்சனாவுக்குக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில் வேலை. தர்மினிக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

“என்ன பாவம்? பெத்த தாய் இந்தப் பாடு படுறது கண்ணில தெரியாமல் அப்பிடி என்ன உத்தியோகம்? அந்தப் பிள்ளையை ஒருக்கா எனக்கு முன்னால நிப்பாட்டுங்கோ, நல்லாக் குடுக்கிறன்!”

பரமேஸ்வரிக்குப் புரையேறியது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, “குடுக்கத்தான் வேணும்” என்றாள்.

தர்மினி விரல் மடித்துச் சொல்லத் தொடங்கினாள். கனமானது தூக்கக் கூடாது. மலச்சிக்கல் வர விடக் கூடாது. கீரையும் பழமும் சாப்பிட வேண்டும், இருந்து முக்கக் கூடாது. சலத்தை அடக்குவதுபோலக் கீழ்த் தசையை இறுக்கிப் பிடித்து, கொஞ்சம் எண்ணி, பிறகு தளர விட வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று தரம் செய்ய வேண்டும்.

“ஒப்பறேசன் எண்டு வெட்டுவினமோ?”

“எல்லாருக்கும் இல்லை. றப்பர் வளையம் ஒண்டு இருக்கு, உள்ளுக்கு வைச்சு விட்டால் அது தாங்கிப் பிடிக்கும். சரியா இருந்தால் வைச்சிருக்கிறதே தெரியாது. ஆனால் டொக்டர் பாத்துத்தான் சொல்லோணும். வியாழக்கிழமை கிளினிக்குக்குப் பொம்பிளை டொக்டர் வாறா. அந்த ‘ஆளை’ வரச் சொல்லுங்கோ.”

“செத்தாலும் ஒருத்தருக்கும் காட்ட மாட்டன் எண்டு நிக்கிறா. இழுத்துக்கொண்டு வரப் பாக்கிறன்.”

‘வருவீங்கள், வருவீங்கள்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, அம்மா கட்டித் தந்த புட்டைப் பிரித்தாள் தர்மினி.

வியாழக்கிழமை பரமேஸ்வரி சொன்ன நேரத்துக்கு வந்து நின்றாள். தர்மினி அவளுக்கென்று ஒரு அட்டையை ஏற்கனவே எழுதி வைத்திருந்தாள்.

“வாங்கோ மாமி. பயப்பிடாமல் உள்ளுக்குப் போய்க் கட்டிலில ஏறிப் படுங்கோ.”

“எனக்கென்ன வருத்தம்? அஞ்சு பெத்தும் கல்லு மாதிரி இருக்கிறன்!” பரமேஸ்வரி இடுப்பில் கையை ஊன்றினாள். “ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தனான். வாசல் மட்டும் வந்திட்டா, உள்ளுக்கு வாறா இல்லை.”

தர்மினிக்கு முகம் சுருங்கிவிட்டது. உண்மையிலேயே ஒருத்தி இருக்கிறாளா! எழுந்து வாசலடிக்குப் போனாள். கதவுத் திரைக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சுவிடுவது கேட்டது. இவ்வளவு காலமும் தனியாகப் பயந்துகொண்டு கிடந்த மனுசி. தர்மினி குரலை மெதுவாக்கிக்கொண்டாள்.

“உள்ளுக்கு வாங்கோ அம்மா. வெக்கப்படாதேங்கோ. என்னை உங்கட மகள் எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ.”

திரை விலகியது.

“நீ மகளெண்டபடியால்தானேயடி, இவ்வளவு நாளும் வராமல் இருந்தனான்!”