இரண்டாவது ப்ரீஆம்ப்

வீட்டுக் கணினியில் பாடிப் பதிய ஓர் ஓடியோ இன்டர்ஃபேஸ் வாங்குவதற்காக யோகராஜ் மாத்தளையில் ஹஸீபின் கடைக்கு வந்திருந்தான். முன்பு இருவராகப் பாடினார்கள். மனைவி சுபாஷினி இறந்து மூன்று மாதம். இனி ஒரு மைக் போதும்.

"ஒராளுக்குச் சின்னதே காணும் தம்பி. ஆனா இந்தப் பெரிசுல ரெண்டு ப்ரீஆம்ப், ரெண்டு மைக் செருகலாம். நாளைக்கி வீட்டுக்காரியும் பாட வந்தா?"

"வர மாட்டா நானா."

ஹஸீப் மைக்கை முதல் துளையில் செருகினார். யோகராஜ் பேசியதும் முதல் விளக்கு பச்சையாக எரிந்தது. நிறுத்தியதும், எதுவும் செருகாத இரண்டாவது துளையின் விளக்கு இரண்டு தடவை மின்னியது.

"சும்மா இரைச்சல்." ஹஸீப் அதன் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருகினார்.

மறுபடி இரண்டு தடவை மின்னியது.

பாட்டுக்கு முன் சுபாஷினி மைக்கை நகத்தால் இரண்டு தடவை தட்டுவாள். அவன் முதல் அடியைப் பாட வேண்டும். இரண்டாம் அடி அவளுடையது.

"அப்ப சின்னதையே கட்டவா?"

பாடாமல் போய்விட்டால் அது இரைச்சலாகவே இருந்துவிடும். யோகராஜ் குனிந்து முதல் அடியைப் பாடி நிறுத்தினான்.

ஹஸீபின் விரல் இன்னும் குமிழின் மேல்தான் இருந்தது. இரண்டாவது விளக்கு ஓர் அடி பாடும் நேரம் எரிந்தது. பிறகு அணைந்து, அவனுக்காகக் காத்திருந்தது.