கறுத்த கரண்டி

"ஒரு வாய் முட்டைக்கே கறுத்துப்போச்சே! உங்கம்மா போலி வெள்ளியைத் தலையில கட்டிட்டாங்களா?"

மாமியார் ஓக்சுன் கேட்டதும் யேரினுக்குச் சுருக்கென்றது. கணவன் ஜோன்ஜுவுக்கு அவள் கல்யாணச் சீராகக் கொண்டுவந்த கரண்டி அது.

"என் வெள்ளிக் கரண்டியைப் பாரு. உன் மாமனார் கடைக்குக் கொண்டுபோய் மெருகு போட்டுட்டு வந்ததிலேர்ந்து எவ்வளவு முட்டை தின்னாலும் பளபளன்னு இருக்கு!"

யேரினால் பொறுக்க முடியவில்லை. "அத்தை, முட்டையில கந்தகம் இருக்கு. அது பட்டா அசல் வெள்ளி கறுக்கத்தான் செய்யும். கறுக்கலைன்னாதான் சந்தேகப்படணும்."

ஓக்சுன் தன் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவர் பக்கம் நிமிர்ந்தாள்.

"ஏங்க, அன்னைக்கு மெருகு போடத்தானே கொண்டுபோனீங்க?"

எதிரே அவருடைய கிண்ணம் மட்டும்தான் இருந்தது. மாமனார் வாசலில், வலது காலை இடது ஷூவுக்குள் திணித்துக்கொண்டிருந்தார்.